“தேவன் பயன்படுத்தினார்” என்பது நற்சான்றிதழா? குறைவுள்ள வேதப் பாத்திரங்களைப் பாடமாக நடத்துவது பற்றி

#1 கேள்விக்குறி

பெரியவர்களுக்கான வேதபாடம். நான்கு வாரம், வாரத்துக்கு ஒரு மணி நேரம். தலைப்பு, குறைவுள்ள மனிதர்களைக் கொண்டு தேவன் செயல்பட்ட விதம். தேடினால் எல்லாத் திட்டமும் ஒரே பட்டியலில் வந்து நிற்கிறது: நோவா குடித்து வெறித்தான், ஆபிரகாம் கிழவன், யாக்கோபு ஏமாற்றுக்காரன், லேயாள் அழகில்லாதவள், மோசே திக்குவாயன், ராகாப் வேசி, தாவீது விபசாரக்காரன், எலியா சோர்ந்துபோனவன், பவுல் கொலைகாரன், இவர்களைப் பயன்படுத்தியவர் உன்னையும் பயன்படுத்துவார். சுவரொட்டிக்கு இது போதும். ஒரு மணி நேரப் பாடத்துக்குப் போதாது. எந்த நாலு பேரை எடுப்பது? எவ்வளவு வாசிப்பது? எங்கே வழுக்கும்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 பெரோயாக்காரன்

முதலில் அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். அதில் குறைந்தது நான்கு வேறு வேறு சங்கதிகள் ஒரே சாக்கில் கட்டப்பட்டிருக்கின்றன.

ஆபிரகாமின் வயது, மோசேயின் திக்குவாய், லேயாளின் கூச்சப்பார்வை இவையெல்லாம் பாவமே இல்லை. உடலின் நிலை. லேயாள் அழகில்லாதவள் என்று ஆதியாகமம் 29:17 சொல்லவும் இல்லை. இவற்றை விபசாரத்துக்குப் பக்கத்தில் எழுதினால், திக்கிப் பேசுகிற ஒருவர் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தால் அவருக்கு என்ன கேட்கும் என்று யோசியுங்கள்.

எலியாவின் சோர்வு இன்னொரு வகை. 1 இராஜாக்கள் 19-இல் தேவன் அவனைத் திட்டுவதில்லை. இரண்டு தரம் சாப்பிடவைத்து, தூங்கவிட்டு, நாற்பது நாள் நடந்து ஓரேபுக்கு வந்தபின்தான் “இங்கே உனக்கு என்ன காரியம்” என்று கேட்கிறார். பிறகு வேலை கொடுக்கிறார். நீ தனி ஆள் இல்லை, ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்கிறார். இது பராமரிப்பு. மன்னிப்பு என்ற பேச்சே அதிகாரத்தில் கிடையாது.

பவுல் வேறு வகை. செய்தது பெருங்கொடுமைதான், ஆனால் அழைப்புக்கு முன்னால், அறியாமல் அவிசுவாசத்தில் செய்தது என்று அவரே 1 தீமோத்தேயு 1:13-இல் சொல்கிறார்.

தாவீது இவர்கள் யாரோடும் சேரமாட்டான். அழைக்கப்பட்டு, அபிஷேகம்பண்ணப்பட்டு, 2 சாமுவேல் 7-இன் வாக்குத்தத்தமும் கையில் கிடைத்தபின், அரச அதிகாரத்தையே கருவியாகக்கொண்டு, தன் போர்வீரன் உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்து, உரியாவையும் போரில் சாகவைத்த குற்றம் அது. பதவிக்கு முன்னால் விழுந்தவனையும் பதவியால் பிறரை விழத்தள்ளினவனையும் ஒரே வரியில் எழுதுவதுதான் இந்தத் தலைப்பில் நடக்கும் முதல் தவறு. மற்ற தவறுகள் எல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

#3 சங்கீத_வாசகி

பெரோயாக்காரன் பிரதர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பட்டியலில் பாதிக்கப்பட்டவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை, கவனித்தீர்களா? உரியா இல்லை. ஆபிரகாம் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட ஆகார் இல்லை. தகப்பனின் பொருத்தனையால் வாழ்க்கையை இழந்த யெப்தாவின் மகளுக்கு வேதத்திலேயே பெயர் கிடையாது. “குறைவு” என்ற சொல்லைப் போட்டதும் குற்றம் செய்தவனுடைய மனப்போராட்டமாக முழுக் கதையும் சுருங்கிவிடுகிறது.

வேத எழுத்தாளர்கள் அப்படிச் சுருக்கவில்லை. 2 சாமுவேல் 23-இல் தாவீதின் பராக்கிரமசாலிகளின் பட்டியல் வருகிறது. மொத்தம் 37 பேர் என்று முடிகிற அந்தப் பட்டியலின் கடைசிப் பெயர் ஏத்தியனாகிய உரியா. மத்தேயு முதல் அதிகாரத்தின் வம்சவரலாறும் பத்சேபாளைப் பெயர்சொல்லி அழைக்காமல் உரியாவின் மனைவியாயிருந்தவள் என்றே எழுதுகிறது. தாவீதைப் புகழும் 1 இராஜாக்கள் 15:5 கூட, உரியாவின் சங்கதி ஒன்று தவிர என்று கொக்கி போட்டுவிட்டுத்தான் புகழ்கிறது. மன்னிப்புக் கிடைத்த பிறகும் உரியாவின் பெயரை யாரும் அழிக்கவில்லை.

#4 விளக்குத்தண்டு

நடைமுறைக்கு வருவோம். எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் நான் பரிந்துரைப்பது ஐந்து கட்டம் கொண்ட அட்டவணை. பலகையிலோ தாளிலோ வரைந்துகொள்ளுங்கள்: செய்தது என்ன, யாருக்குப் பாதிப்பு, கண்டித்தவர் யார், அவர் பதில் என்ன, பின்விளைவு என்ன. இந்த ஐந்தும் வசன எண்ணோடு நிரம்பும்வரை “தேவன் இதில் என்ன செய்தார்” என்ற ஆறாவது கேள்வியைக் கேட்கவிடாதீர்கள். அதை முதலிலேயே கேட்டால் வகுப்பு நேராக ஆறுதலுக்குத் தாவிவிடும். மற்ற ஐந்தும் வெறும் முன்னுரை ஆகிவிடும்.

நேரப் பங்கீடு: சத்தமாக வாசிக்க 20 நிமிடம், அட்டவணைக்கு 20, ஆறாவது கேள்விக்கும் விவாதத்துக்கும் 15, ஜெபத்துக்கு 5. நூறு வசனத்துக்கு மேல் போனால் வாசிப்பு மட்டும் வகுப்பைத் தின்றுவிடும்.

முதல் வாரத்துக்கு யோசேப்பின் அண்ணன் யூதாவை எடுங்கள். ஆதியாகமம் 37, 38, 44 மூன்றும் சேர்ந்து சரியாக 100 வசனம். தாவீதிலிருந்து தொடங்காதீர்கள். எல்லாருக்கும் அந்தக் கதை “தெரியும்”, அதனால் வசனத்தைப் பார்க்கவே மாட்டார்கள். யூதாவில் ஒரு மனிதன் மாறுவதைப் படிப்படியாகக் காட்டமுடியும். யோசேப்பைக் கொல்வதில் லாபமில்லை, விற்போம் என்று யோசனை சொன்னவன் அவன்தான்; இருபது வெள்ளிக்காசு. இரத்தம் தோய்ந்த அங்கியைத் தகப்பனிடம் அனுப்பி, இது உம்முடைய குமாரனுடையதா பாரும் என்கிறார்கள். அடுத்த அதிகாரத்தில் அவனால் கர்ப்பமான அவன் மருமகள் தாமார், அவன் அடகாகக் கொடுத்த முத்திரை மோதிரத்தையும் ஆரத்தையும் கோலையும் அனுப்பி, இவை யாருடையவை பாரும் என்கிறாள். அதே கேள்வி அவனிடமே திரும்பி வருகிறது. “என்னிலும் அவள் நீதியுள்ளவள்” என்று ஒப்புக்கொள்கிறான். 44-இல் பென்யமீனுக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளச் சொல்கிறான். சகோதரனை விற்றவன் சகோதரனுக்காகத் தன்னைக் கொடுக்க முன்வருகிறான்.

இடையில் எத்தனை வருடம் என்று வகுப்பையே கணக்குப் போடச் சொல்லுங்கள். யோசேப்பு விற்கப்பட்டபோது 17, பார்வோன்முன் நின்றபோது 30, அதன்பின் செழிப்பு 7, பஞ்சம் 2. ஆக 22 வருடம். ஒரே ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆள் மாறிவிடவேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

#5 காலேபின்_தோழன்

நல்ல திட்டம். ஆனாலும் ஒரு சந்தேகம். எபிரெயர் 11:32 கிதியோன், பாராக், சிம்சோன், யெப்தா, தாவீது, சாமுவேல் என்று வரிசையாகப் புகழ்கிறது. பரிசுத்த ஆவியானவரே விசுவாச வீரர்கள் என்று எழுதிவைத்தவர்களை நாம் அட்டவணை போட்டுக் குற்றம் எண்ணுவது சரியா? தேவன் மூடினதை நாம் ஏன் திறக்கவேண்டும்?

#6 பெரோயாக்காரன்

திறந்துவைத்தவர் தேவன்தான் ஐயா. நியாயாதிபதிகள் புத்தகமும் அதே ஆவியானவர் எழுதிவைத்ததுதானே. எபிரெயர் 11 அவர்களுடைய விசுவாசத்தைச் சாட்சியாக நிறுத்துகிறது. அவர்கள் செய்த ஒவ்வொன்றையும் சரி என்று சொல்லவில்லை. அந்த அதிகாரம் முடிந்ததும் 12:2-இல் நம்மை யாரை நோக்கிப் பார்க்கச் சொல்கிறது? யெப்தாவை அல்லவே.

சிம்சோனையே எடுங்கள். 13 முதல் 16 வரை 96 வசனம், ஒரு வாரத்துக்கு அளவாக இருக்கும். கர்த்தருடைய ஆவி அவன்மேல் இறங்கியது என்று 14:6, 14:19, 15:14 மூன்று இடத்தில் வருகிறது. அதற்கு முன்பே 13:25-இல் ஆவியானவர் அவனை ஏவத் தொடங்குகிறார். பிறப்பிலிருந்தே அவன்மேல் இருந்த, தேவனுக்கென்று பிரித்துவைக்கும் நசரேய விரதத்தின் மூன்று விதிகளையும் எண்ணாகமம் 6-இலிருந்து எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்: திராட்சையில் உண்டாகும் எதுவும் கூடாது, சவரகன் கத்தி படக்கூடாது, பிரேதத்தண்டை போகக்கூடாது. சிங்கத்தின் உடலிலிருந்து தேன் எடுத்துச் சாப்பிட்ட அவன், அது எங்கிருந்து வந்தது என்று தாய்தகப்பனுக்குச் சொல்லாமல் கொடுக்கிறான். வரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, வாழ்க்கை சரிந்துகொண்டே இருக்கிறது. 16:20-இல் கர்த்தர் விலகினதைக்கூட அறியாமல் எழுந்து உதறிப்போட்டு வெளியே போகப்பார்க்கிறான். இந்தத் தலைப்புக்கு அதைவிடப் பயங்கரமான வசனம் இல்லை. இத்தனை நாள் பலம் வந்துகொண்டிருந்ததையே தேவன் தன்னோடிருப்பதற்கு அத்தாட்சியாக அவன் எடுத்துக்கொண்டதன் முடிவு அது.

இன்னொன்று, பெரும்பாலோர் தவறவிடுவது. நியாயாதிபதிகளில் தேசம் அமர்ந்திருந்தது (போரின்றி அமைதியாயிருந்தது) என்ற குறிப்பு ஒத்னியேலுக்குப்பின் 40 வருஷம், ஏகூத்துக்குப்பின் 80, தெபொராளுக்குப்பின் 40, கிதியோன் காலத்தில் 40 என்று வருகிறது. அதோடு நின்றுவிட்டது. யெப்தாவுக்குப்பின் இல்லை. இருபது வருஷம் நியாயம் விசாரித்த சிம்சோனுக்குப்பின்னும் இல்லை. அவன் இரட்சிக்கத் தொடங்குவான் என்றுதான் 13:5 வாக்குக் கொடுத்தது. முடிப்பான் என்று சொல்லவில்லை. தேவன் அவனைக்கொண்டு செய்தார் என்பதும் உண்மை, அவன் செய்திருக்கக்கூடியது எவ்வளவோ வீணாய்ப்போனது என்பதும் உண்மை.

#7 சங்கீத_வாசகி

விளக்குத்தண்டு அண்ணா போட்ட அட்டவணையில் “கண்டித்தவர் யார்” என்ற கட்டம்தான் தங்கம். அதை எல்லாருக்கும் நிரப்பிப் பார்த்தால் ஒரு வடிவம் தெரியும்.

தாவீதுக்குத் தீர்க்கதரிசி நாத்தான். யூதாவுக்குத் தாமார். மனைவியைச் சகோதரி என்று சொன்ன ஆபிரகாமுக்குப் பார்வோன், பிறகு அபிமெலேக்கு. இரண்டு இடத்திலும் அந்நிய ராஜாதான் நியாயம் பேசுகிறான், விசுவாசத்தின் தகப்பனிடம் நல்ல பதில் இல்லை. யோனாவை முதலில் எழுப்பிக் கேட்டது கப்பலின் மாலுமி. தூபங்காட்டத் துணிந்த ராஜா உசியாவுக்கு ஆசாரியன் அசரியாவும் அவனோடு பராக்கிரமசாலிகளான 80 ஆசாரியரும். பேதுருவை அந்தியோகியாவில் எல்லாருக்கும் முன்பாகப் பவுல் கண்டிக்கிறார். இது பெந்தெகொஸ்தேக்குப் பிறகு நடந்தது. ஆகவே “மறுதலிப்புக்குப்பின் பேதுரு திருந்திவிட்டார், கதை முடிந்தது” என்று நடத்தாதீர்கள்.

இப்போது நியாயாதிபதிகள் 8 முதல் 16 வரை இதே கட்டத்தை நிரப்பப் பாருங்கள். கிதியோன் 1,700 சேக்கல் பொன் கடுக்கன்களை வாங்கி ஏபோத் என்ற ஆசாரிய அங்கியைச் செய்தபோது கண்டித்தவர் இல்லை. யெப்தாவை நிறுத்தியவர் இல்லை. சிம்சோனின் தாய்தகப்பன் அந்தத் திம்னாத் பெண்ணைப் பற்றி ஒருமுறை கேட்டுப்பார்த்து விட்டுவிடுகிறார்கள். யூதா கோத்திரத்தின் 3,000 பேர் வந்தது புத்திசொல்ல அல்ல, பெலிஸ்தரிடம் கட்டிக் கொடுக்க. ஜனங்களைக் கண்டிக்கும் குரல் 6-ஆம் அதிகாரத்திலும் 10-ஆம் அதிகாரத்திலும் உண்டு. தலைவனை நேரில் கண்டிக்கும் குரல் இல்லை. அவனவன் தன் பார்வைக்குச் சரியானபடி செய்தான் என்றுதான் புத்தகம் முடிகிறது.

#8 கேள்விக்குறி

யெப்தாவைச் சேர்க்கலாமா, விடலாமா? பயமாக இருக்கிறது.

#9 விளக்குத்தண்டு

நான்கே வாரம் என்றால் விடுங்கள். சேர்த்தால் மூன்று விஷயம் கையில் இருக்கவேண்டும்.

ஒன்று, ஆவி அவன்மேல் இறங்கியது நியாயாதிபதிகள் 11:29-இல், ஜெயித்துத் திரும்பும்போது வீட்டிலிருந்து எதிரே வருவதைப் பலியிடுவேன் என்ற பொருத்தனை 11:30-இல் தொடங்குகிறது; எதிரே வந்தவள் மகள். வெற்றிக்காகப் பேரம் பேசவேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் பேசினான். இரண்டு, பிள்ளைகளைத் தகனிப்பது தேவன் வெறுக்கும் அருவருப்பு என்று உபாகமம் 12:31 தெளிவாகத் தடுக்கிறது. பொருத்தனை செய்யப்பட்ட மனிதருக்கு மதிப்புத்தொகை லேவியராகமம் 27-இல் இருக்கிறது. ஐந்து வயதுமுதல் இருபதுவரையுள்ள பெண்ணுக்கு 10 சேக்கல் வெள்ளி, இருபதுமுதல் அறுபதுவரை 30. மகள் கேட்ட இரண்டு மாதத் தவணை முழுவதும் ஒருவரும் அந்தச் சுருளைத் திறந்ததாகச் செய்தி இல்லை. மூன்று, அவள் பலியிடப்படவில்லை, வாழ்நாள் முழுதும் கன்னிகையாக ஒப்புக்கொடுக்கப்பட்டாள் என்று கொள்ளும் வியாக்கியானமும் பழையதே. வகுப்பில் யாராவது அதை எடுத்தால் அடக்காதீர்கள். எது சரியானாலும் அவள் இழந்ததை இழந்தாள்.

அடுத்த அதிகாரத்தில் எப்பிராயீமர் 42,000 பேர் சாகிறார்கள். இதெல்லாம் முக்கால் மணி நேரத்தில் அடங்காது.

#10 தெக்கோவா_மேய்ப்பன்

சற்று வெளியிலிருந்து கேட்கிறேன். தலைவர்களின் குற்றத்தை மறைக்காமல் எழுதியதே வேதம் உண்மை என்பதற்கு ஆதாரம், மற்ற நாடுகளில் எவனும் இப்படி எழுதவில்லை என்று மேடைகளில் சொல்வார்கள். அது எவ்வளவு தூரம் நிற்கும்?

#11 பெரோயாக்காரன்

பாதி தூரம் நிற்கும். கி.மு. 9-ஆம் நூற்றாண்டு மோவாபிய ராஜா மேசாவின் கல்வெட்டு 1868-இல் தீபோனில் கிடைத்தது. அதில் மேசாவுக்கு வெற்றிதான். அசீரிய ராஜா சனகெரிப்பின் குறிப்புகள் யூதாவின் ராஜா எசேக்கியாவைக் கூண்டுப்பறவைபோல் எருசலேமில் அடைத்ததாகப் பெருமையடிக்கும், ஆனால் நகரத்தைப் பிடித்தேன் என்று சொல்லாது. இந்தப் பின்னணியில் 2 சாமுவேல் 11 விசித்திரமான எழுத்துதான்.

ஆனால் “எவனும் எழுதவில்லை” என்பது மிகை. ஏத்திய (ஹிட்டைட்) ராஜா இரண்டாம் முர்சிலியின் கொள்ளைநோய் ஜெபங்களில், தன் தகப்பன் செய்த பாவமே இந்தச் சாவுக்குக் காரணம் என்று அறிக்கையிடுகிறான். ஆகவே அந்த வாதத்தை வகுப்பில் வைக்காதீர்கள். நன்கு படித்த ஒருவர் இருந்தால் உடைந்துவிடும்.

வேதத்துக்குள்ளேயே ஒப்பிடுங்கள், அது இன்னும் வளமானது. 1 நாளாகமம் 20 ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலம் என்று 2 சாமுவேல் 11-ஐப் போலவே தொடங்குகிறது. பத்சேபாளையும் உரியாவையும் அப்படியே தாண்டி ரப்பா பிடிபட்டதற்குப் போய்விடுகிறது. சாலொமோனின் 700 மனைவிகளும் 300 மறுமனையாட்டிகளும் நாளாகமத்தில் இல்லை. உடனே “மூடி மறைக்கிறான்” என்று முடிவுகட்டாதீர்கள். அதே நாளாகமம் தாவீது ஜனங்களை எண்ணிய பாவமாகிய தொகையிடுதலை வைத்திருக்கிறது. உசியா குஷ்டரோகியானது ஏன் என்று 2 இராஜாக்கள் 15 சொல்லாமல் விடுகிறது. 2 நாளாகமம் 26 தூபங்காட்டத் துணிந்த பெருமையை விவரமாகச் சொல்கிறது. மனாசேயின் மனந்திரும்புதல் இராஜாக்களில் இல்லை, நாளாகமத்தில்தான் இருக்கிறது. சிறையிருப்பிலிருந்து திரும்பி ஆலயத்தைச் சுற்றி மறுபடி வாழத்தொடங்கிய ஜனத்துக்கு எது தேவையோ அதை நாளாகமத்தை எழுதியவன் தேர்ந்தெடுக்கிறான். இரண்டு சாட்சியும் வேதத்தில் அருகருகே விடப்பட்டிருக்கின்றன.

#12 காலேபின்_தோழன்

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாவீது உடனே அறிக்கையிட்டான், உடனே மன்னிப்புக் கிடைத்தது. கிருபைதானே கதையின் மையம்? பின்விளைவையே பேசிக்கொண்டிருந்தால் ஜனங்கள் நியாயப்பிரமாணத்துக்குள் போய்விடமாட்டார்களா?

#13 சங்கீத_வாசகி

மன்னிப்பு 2 சாமுவேல் 12:13-இல், ஒரே வசனத்தில் கிடைக்கிறது. யாரும் அதைக் குறைக்கவில்லை. ஆனால் பட்டயம் உன் வீட்டைவிட்டு விலகாது என்பது 12:10. அந்தப் பட்டயம் 13 முதல் 20 வரை ஓடுகிறது. எட்டு அதிகாரத்தை வேத எழுத்தாளன் செலவழித்திருக்கும்போது நாம் 12:13-இல் புத்தகத்தை மூடிவிடுவது கிருபையைப் பிரசங்கிப்பது ஆகாது.

வகுப்பில் இந்த வரிசையைப் பின்தொடருங்கள். தாவீதின் மகன் அம்னோன் தன் சகோதரி தாமாரை (யூதாவின் மருமகள் அல்ல, வேறொருத்தி) கெடுக்கிறான். தாவீது கோபப்படுகிறான் (13:21), வேறொன்றும் செய்யவில்லை. அவனால் எந்த முகத்தோடு தண்டிக்கமுடியும்? இரண்டு வருஷம் கழித்து அவள் கூடப்பிறந்த அப்சலோம் அம்னோனைக் கொல்கிறான். கேசூரில் மூன்று வருஷம், எருசலேமுக்கு வந்தும் தகப்பன் முகத்தைப் பார்க்காமல் இரண்டு வருஷம். பிறகு கலகம். தாவீது உலாவினது அரமனை உப்பரிகையில்; தகப்பனின் மறுமனையாட்டிகளிடம் அப்சலோம் போன 16:22-இன் அவமானமும் உப்பரிகையில்தான் நடக்கிறது. அந்த ஆலோசனையைச் சொன்ன அகித்தோப்பேல் யார்? பத்சேபாள் எலியாமின் மகள் என்று 11:3 சொல்கிறது. அகித்தோப்பேலின் குமாரன் எலியாம் என்று 23:34 சொல்கிறது. இருவரும் ஒரே எலியாம் என்றால் அவன் பத்சேபாளின் தாத்தா. “என்றால்” என்பதை விட்டுவிடாதீர்கள், வேதம் அதை நேராகச் சொல்லவில்லை.

இந்தப் பகுதியில் கர்த்தர் அனுப்பினார், அடித்தார் என்று செயல்கள் வருகின்றன. அவருடைய உள்ளம் என்ன என்று கதைசொல்லி நேராகத் திறப்பது மூன்றே இடம்: 11:27-இல் அந்தக் காரியம் அவர் பார்வைக்குப் பொல்லாததாயிருந்தது, 12:24-இல் சாலொமோனிடம் அவர் அன்பாயிருந்தார், 17:14-இல் அகித்தோப்பேலின் நல்ல ஆலோசனையை அபத்தமாக்கக் கட்டளையிட்டார். தண்டனையும் அன்பும் காப்பாற்றுதலும் ஒரே கதையில் இருக்கின்றன. எனக்கென்னவோ, கிருபையை இந்த மூன்று வசனத்தையும் சேர்த்து வாசித்தால்தான் அதன் எடை தெரியும்.

#14 விளக்குத்தண்டு

“நாலத்தனையாய்த் திருப்பவேண்டும்” என்று, ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்த ஐசுவரியவானைப் பற்றி நாத்தான் சொன்ன உவமையைக் கேட்டுத் தாவீதே தீர்ப்புச் சொன்னதை (12:6) வைத்து அவனுடைய நாலு பிள்ளைகள் செத்ததாகக் கணக்குக் காட்டுவார்கள்: பத்சேபாளின் முதல் குழந்தை, அம்னோன், அப்சலோம், அதோனியா. வேதம் அந்தக் கூட்டலைப் போடவில்லை. அதோனியா செத்தது தாவீதுக்குப்பின், சாலொமோனின் கட்டளையால். நாலத்தனை என்பது ஆடு திருடியவனுக்கு யாத்திராகமம் 22:1 சொல்லும் அளவு. இதை யாராவது எடுத்தால் “பலர் இப்படிக் காண்கிறார்கள்” என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

அறிக்கையைப் பற்றி ஒரு பயிற்சி. “பாவஞ்செய்தேன்” என்று வேதத்தில் யார் யார் சொல்கிறார்கள் என்று தேடச் சொல்லுங்கள். பார்வோன் இரண்டு முறை. பிலேயாம். ஆகான். சவுல். தாவீது. யூதாஸ். சொல் ஒன்றே, ஆனால் அதன் முன்னும் பின்னும் என்ன வருகிறது என்று பார்க்கவேண்டும். சவுல் 1 சாமுவேல் 15-இல் ஜனங்களுக்குப் பயந்தேன் என்று பழியைச் சேர்க்கிறான். 15:30-இல் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்கிறான். பாவத்தைவிட மேடை போய்விடுமே என்ற கவலை அவனுக்கு. தாவீதின் பதிலில் காரணமும் இல்லை, கோரிக்கையும் இல்லை. ஆகானுடையது இன்னும் முழுமையானது: ஒரு பாபிலோனிய சால்வை, 200 வெள்ளிச் சேக்கல், 50 சேக்கல் நிறையுள்ள பொன்பாளம், எங்கே புதைத்தேன் என்பதுவரை சொல்கிறான். ஆனாலும் ஆகோர் பள்ளத்தாக்கில் கல்லெறிந்தார்கள். சரியாக அறிக்கையிட்டால் விளைவு நின்றுவிடும் என்ற சூத்திரம் வேதத்தில் இல்லை.

#15 கேள்விக்குறி

பத்சேபாள்தான் வேண்டுமென்றே மாடிக்கு வந்து குளித்தாள் என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். என்ன பதில்?

#16 சங்கீத_வாசகி

மாடியில் நின்றது தாவீது. 11:2-ஐச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். ஆள் அனுப்பி அழைத்துவரச் சொன்னது ராஜா. அவள் புருஷன் அதே ராஜாவுக்காகப் போர்க்களத்தில் இருக்கிறான். நாத்தானின் உவமையில் அவள் ஆட்டுக்குட்டி. ஆட்டுக்குட்டியின்மேல் நாத்தான் ஒரு குற்றமும் வைக்கவில்லை. அவள் மனதில் என்ன இருந்தது என்று வேதம் சொல்லவில்லை, ஆகவே நாமும் எழுதிச் சேர்க்கவேண்டாம்.

சங்கீதம் 51:4-ஐயும் கவனமாகக் கையாளுங்கள். “தேவரீர் ஒருவருக்கே விரோதமாக” என்ற வரியை எடுத்து, மனிதரிடம் நான் பதில் சொல்லவேண்டியதில்லை என்று வாதாடுபவர்கள் உண்டு. அது ஜெபத்தில் தேவன்முன் விழுந்து சொன்ன வார்த்தை. உரியாவின் கணக்கை அது தீர்க்கவில்லை. தீர்ந்துவிட்டது என்றால் 1 இராஜாக்கள் 15:5 எழுதப்பட்டிருக்காது.

#17 தெக்கோவா_மேய்ப்பன்

இதோடு ஒட்டிய, கொஞ்சம் கசப்பான கேள்வி. விழுந்துபோன ஊழியரைப் பற்றிப் புகார் எழுந்தால் “தாவீதையே தேவன் விலக்கவில்லை” என்றும் “அபிஷேகம்பண்ணப்பட்டவர்களைத் தொடாதே” என்றும் வருகிறது. இந்தப் பாடமே அதற்கு வழி அமைத்துக் கொடுத்துவிடாதா?

#18 பெரோயாக்காரன்

மோசமாக நடத்தினால் கொடுக்கும். அதனால்தான் முதல் பதிவிலேயே பட்டியலைக் கிழிக்கச் சொன்னேன்.

சங்கீதம் 105:15-இன் இடம் எது? அந்நிய ராஜாக்களிடமிருந்து ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்ற சிறு கூட்டத்தைத் தேவன் காத்த கதை. யாரும் யாரையும் கேள்வி கேட்கக்கூடாது என்பதற்கு அங்கே இடமில்லை. சவுலின்மேல் கைபோட மறுத்த தாவீது 1 சாமுவேல் 24-இல் என்ன செய்தான்? சால்வையின் தொங்கலைச் சாட்சியாகக் காட்டி, எல்லார் காதிலும் விழும்படி அவனுடைய அநியாயத்தைச் சொன்னான். கொல்லமாட்டேன், வாயையும் மூடமாட்டேன். நாத்தானும் அபிஷேகம்பண்ணப்பட்டவனைத்தான் “நீயே அந்த மனுஷன்” என்றான்.

சபையின் பொறுப்புக்கு அளவுகோல் தாவீதின் சிங்காசனம் அல்ல. 1 தீமோத்தேயு 3:2 குற்றஞ்சாட்டப்படாதவன் என்ற தகுதியில் தொடங்குகிறது. 5:19 இரண்டு மூன்று சாட்சி கேட்கிறது, 5:20 பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்கிறது. 5:19-ஐ மட்டும் சொல்லி 5:20-ஐ விடுவது வழக்கமாகிவிட்டது. சட்டப்படி குற்றமானால் அது சபைக்குள் பேசித் தீர்க்கும் காரியமே அல்ல.

“ஆனால் அவர் ஊழியத்தில் பலன் இருக்கிறதே” என்பார்கள். மேரிபாவைக் காட்டுங்கள். எண்ணாகமம் 20:8-இல் கன்மலையோடே பேசு என்று கட்டளை. 20:11-இல் மோசே இரண்டுதரம் அடித்தார். தண்ணீர் ஏராளமாய்ப் புறப்பட்டது, சபையும் மிருகங்களும் குடித்தன. அடுத்த வசனத்திலேயே நீ தேசத்துக்குள் போவதில்லை என்ற தீர்ப்பு. தாகத்தோடிருந்த ஜனத்துக்காகத் தேவன் தண்ணீர் கொடுத்தார். மோசேயின் செய்கைக்குக் கொடுத்த ஒப்புதல் அல்ல அது. அவர் மறுபடி கெஞ்சியும் உபாகமம் 3:26-இல் போதும் என்று முடிந்துவிட்டது.

2 இராஜாக்கள் 14-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் யெரொபெயாம் பொல்லாதவன் என்று 24-ஆம் வசனம். இஸ்ரவேலின் எல்லையை அவன் திரும்பச் சேர்த்துக்கொண்டான், கர்த்தர் அவன் கையால் ஜனத்தை இரட்சித்தார் என்று 25 முதல் 27 வரை. காரணம் அங்கேயே இருக்கிறது: இஸ்ரவேலின் உபத்திரவம் மிகவும் கொடியது என்று கர்த்தர் பார்த்தார். பெர்சிய ராஜா கோரேசையும் அப்படித்தான், தன்னை அறியாதிருந்தவனைப் பெயர்சொல்லி அழைத்தார். இயேசுவைக் கொல்ல ஆலோசனை சொன்ன பிரதான ஆசாரியன் காய்பா தீர்க்கதரிசனமாகச் சொன்னதை யோவான் 11:51 குறித்துவைத்திருக்கிறது. காய்பாவை யாராவது முன்மாதிரி என்பார்களா?

#19 காலேபின்_தோழன்

மேரிபா நல்ல உதாரணம். இதை நான் இப்படிச் சேர்த்து யோசித்ததில்லை.

அப்படியானால் விழுந்தவன் திரும்ப எழும்புவதை எந்தப் பகுதியில் காட்டுவது? அதுவும் வேண்டுமே.

#20 விளக்குத்தண்டு

யோவான் மாற்கு. பேதுருவைவிட அவர் இந்த வேலைக்குப் பொருத்தம், ஏனென்றால் அவருக்குக் காலம் பிடித்தது தெளிவாகத் தெரிகிறது. பம்பிலியாவின் பெர்கேயில் விட்டுத் திரும்பிப்போனார் (அப்போஸ்தலர் 13:13). 15:37-39-இல் அவரைக் கூட்டிப்போவது பற்றிப் பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடுங்கோபம் மூண்டு இருவரும் பிரிந்தார்கள். பவுல் செய்தது தவறா, பர்னபா செய்தது தவறா என்று லூக்கா தீர்ப்புச் சொல்லவில்லை. வகுப்பில் இரண்டு அணியாகப் பிரித்து வாதிடவிடுங்கள், நன்றாகப் போகும். பிறகு கொலோசெயர் 4:10, பிலேமோன் 24, கடைசியில் 2 தீமோத்தேயு 4:11: ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன், கூட்டிக்கொண்டு வா. பத்தாண்டுக்கும் மேல் இடைவெளி. இடையில் அவரை நம்பிக் கூட்டிப்போக ஒருவர் இருந்தார், உடனே நம்ப மறுத்த ஒருவரும் இருந்தார்.

பவுலுக்கே அப்படித்தான். அப்போஸ்தலர் 9:26-இல் எருசலேம் சீஷர்கள் அவரை நம்பாமல் பயந்தார்கள். தேவன் மன்னித்துவிட்டார், நீங்கள் ஏன் சந்தேகப்படுகிறீர்கள் என்று அவர்களை யாரும் கடிந்துகொள்ளவில்லை. பர்னபா அழைத்துப்போய் நடந்ததை விவரித்தார். மன்னிப்பு ஒரு கணத்தில் வரும், நம்பிக்கை சாட்சிகளோடு மெல்ல வரும். இந்த இரண்டையும் ஒன்றாக்கினால் பாதிக்கப்பட்டவர்மேல்தான் சுமை ஏறும்.

#21 சங்கீத_வாசகி

அந்தச் சுமையைப் பற்றி ஓர் எச்சரிக்கை, வகுப்பு நடத்துகிறவருக்கு. ஆதியாகமம் 50:20, நீங்கள் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவன் நன்மையாக முடியப்பண்ணினார். இதைச் சொன்னது யோசேப்பு, குழியில் தள்ளப்பட்டவர். தள்ளின பத்துப் பேரில் ஒருவனும் சொல்லவில்லை. அவர்கள் அதற்கு மூன்று வசனம் முன்னால் மன்னிப்புக் கேட்கிறார்கள். காயப்பட்ட ஒருவரிடம் போய் நாம் அந்த வசனத்தை நீட்டக்கூடாது. அவரே ஒருநாள் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

அதேபோல, இந்த நான்கு வாரத்தில் “உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு விழுகையைப் பகிருங்கள்” என்று வைக்காதீர்கள். ஒருவர் சொல்வது இன்னொருவரின் இரகசியமாக இருக்கும். வசனத்திலேயே பேச வேண்டியது ஏராளம்.

#22 கேள்விக்குறி

எல்லாருக்கும் நன்றி. வரிசை இப்படி வருகிறது: யூதா, சிம்சோன், தாவீது, யோனா. மாற்குவை யோனாவுக்குப் பதில் வைக்கவா?

தாவீதுக்கு 11, 12 இரண்டும் சேர்ந்து 58 வசனம்தான், மீதி நேரத்தில் 13 முதல் 20 வரை சுருக்கம் சொல்லிவிடலாம். தாவீது வாரத்தின் முடிவில், தொகையிடுதலால் வந்த வாதை நின்றபோது தாவீது விலைக்கு வாங்கிய அர்வனாவின் களத்தைச் சொல்ல ஆசை. அங்கே விலை வெள்ளியா பொன்னா என்று குழப்பம் வருமா?

#23 பெரோயாக்காரன்

யோனாவை விடவேண்டாம், 48 வசனம்தான், முழுப் புத்தகத்தையும் வாசிக்கலாம். கீழ்ப்படியாத தீர்க்கதரிசி, அறுவடையோ இலட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இருக்கிற நகரம். அதற்குமேல் பலன் தந்த ஊழியம் எது? ஆனாலும் 4-ஆம் அதிகாரத்தில் அவன் மனம் திரும்பினதாக ஒரு வரி இல்லை. தேவனுடைய கேள்வியோடு புத்தகம் நிற்கிறது. மாற்குவைச் சிம்சோனுக்குப் பதில் வையுங்கள், அல்லது ஐந்தாவது வாரம் கேளுங்கள்.

களத்துக்கு: 2 சாமுவேல் 24:24 களத்துக்கும் மாடுகளுக்கும் 50 சேக்கல் வெள்ளி என்கிறது. 1 நாளாகமம் 21:25 அந்த நிலத்துக்கு 600 சேக்கல் நிறைபொன் என்கிறது. முதலாவது களமும் மாடும், இரண்டாவது முழு இடம் என்று கொள்வது வழக்கமான விளக்கம். எல்லா வியாக்கியானிகளும் அதை ஏற்பதில்லை. வகுப்பில் இதற்கு இரண்டு நிமிடத்துக்குமேல் கொடுக்காதீர்கள். முக்கியமானது 2 நாளாகமம் 3:1: சாலொமோன் ஆலயத்தைக் கட்டியது அந்தக் களத்தில்தான். தொகையிடுதலால் 70,000 பேர் செத்த வாதை அங்கேதான் நிறுத்தப்பட்டது. ஆலயத்தைச் சொல்லும்போது அந்த 70,000 பேரையும் சொல்லுங்கள். “இந்த ஆடுகள் என்ன செய்தது” என்று 24:17-இல் தாவீதே கேட்டிருக்கிறான், அங்கிருந்து தொடங்கினால் நேரம் சரியாக இருக்கும்.